அவளுக்கு வந்த திட்டுகள்

"செப்டம்பர், இரண்டாம் வியாழன். காலை ஷிப்டு முடிந்தபின் வந்த கருத்துகள்: நல்லாருக்கு. நல்லாருக்கு. நல்லாருக்கு மேடம். சூப்பர். நல்லாருக்கு. ஒருவர் மட்டும் கைகூப்பும் படம்."

என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. அடுத்த வியாழனுக்குக் கீழே இப்படி:

"யம்மா, இன்னாத்த பண்ணி வெச்சிகீற? ரெண்டு தபா சொருவுனேன், ரெண்டு தபாவும் கழண்டுகினு வருது. உன் ஒயரு சரியில்லியா, என் கை சரியில்லியா? மொதல்ல அத்த சொல்லு."

முதலில் உள்ளவை நான் செய்த பாடத்துக்கு வந்த கருத்துகள். இரண்டாவது, என்னோடு வேலை செய்கிற ஒருத்தி, அவள் செய்த பாடத்துக்கு வந்த திட்டு. இரண்டையும் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். முதலாவதை எழுதியபோது எனக்கு என்ன தோன்றியது என்று நினைவில்லை. இரண்டாவதை எழுதியபோது வயிறு எரிந்தது நன்றாக நினைவிருக்கிறது.

நான் கும்பகோணத்திலிருந்து வந்து திருவேற்காட்டில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறையின் மாடியில். கீழே நாள் முழுக்க இரும்பைச் சீவிக்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் சிலர் உட்கார்ந்து தொழிற்சாலைப் பணியாளர்களுக்குக் கணினிப் பாடங்கள் செய்வோம். வெறுமே பார்த்துவிட்டுப் போகிற பாடம் அல்ல. டேப்லெட்டில் விரலால் தொட்டு, இழுத்து, தப்புச் செய்து, திருத்திக் கற்றுக்கொள்ளும் பாடம். எதைச் செய்தாலும் கடைசியில் "எப்படி இருந்தது?" என்று கேட்டு, வரும் பதிலை வைத்துப் பாடத்தைத் திருத்த வேண்டும். இந்தத் தொழிலில் பாதி வேலை அதுதான்.

அவள் அந்த ஆண்டு தை மாதம் வந்து சேர்ந்தாள். சொந்த ஊர் மாங்காடு. என் வயதுதான். அதற்கு முன் ஒரு கேபிள் டிவி நிறுவனத்தின் புகார் எண்ணில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் ஊரார் திட்டுவதைக் கேட்டவள். "எங்காதுல மழை பெஞ்சா கூட எவனோ கத்துறான்னுதான் நெனப்பேன்" என்று சொல்லிச் சத்தமாகச் சிரிப்பாள். தன் பேச்சைத் தானே ரசிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. சந்திப்பிழை இல்லாமல் இரண்டு வரி எழுத வராது. அவள் திரைகளுக்கு ஒற்றுப் போட்டுக் கொடுத்தது நான்தான்.

நான் அந்தப் பட்டறை வாசலைப் பல வருஷமாகக் கடந்து மாடிக்குப் போகிறேன். கீழே இருப்பவர்கள் எழுந்து நின்று "வணக்கம் மேடம்" என்பார்கள். அவள் வந்த மாதத்திலேயே அவளுக்கு அவர்கள் "இன்னா யக்கா, லேட்டு?" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். மசால் வடை வாங்கினால் ஒரு பொட்டலம் மேலே வரும், அவள் பெயருக்கு. அதில் எனக்கும் ஒன்று கொடுப்பாள். அந்த வடையை நான் ஒருநாளும் ருசித்துத் தின்றதில்லை. முதலாளி அவளைப் பாராட்டிய நாள்களை நாட்குறிப்பில் குறித்தும் வைத்தேன். என் கணவர் அதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, "அவங்க பிறந்தநாளையும் எழுதி வச்சிருக்கியா?" என்றார். எழுதி வைத்திருந்தேன்.

அந்த ஆகஸ்டில் பூந்தமல்லிக்கு அப்பால் இருக்கும் ஒரு தொழிற்சாலை எங்களிடம் வந்தது. வண்டிகளுக்கு ஒயர்க் கட்டு செய்கிற இடம். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். திருமழிசை, குத்தம்பாக்கம் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள். ஒயரின் உலோக நுனியை பிளாஸ்டிக் கூட்டின் துளைக்குள் செருக வேண்டும். 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்டபின் லேசாகப் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி இழுப்பைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்ட ஒயர் ஓடும் வண்டியில் கழன்றுகொள்ளும். அந்த இழுப்பைப் பழக்கமாக்க ஒரு பாடம் வேண்டும் என்றார்கள்.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஆளுக்கு ஒண்ணு பண்ணுங்க. ஒரு வாரம் உங்களோடது, அடுத்த வாரம் அவங்களோடது. அதே பேட்ச், அதே ரூம். எதை அவங்க எடுக்குறாங்களோ, அதைப் பண்ணவங்கதான் இனிமே இந்த சீரீஸ் மொத்தத்துக்கும் பொறுப்பு."

அந்தப் பொறுப்பு எனக்கு என்று நான் வெகுநாளாக நினைத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் நினைத்திருந்தேன். இப்போது அதற்கு அவளோடு ஓட வேண்டும்.

என் பாடத்தை நான் சிரத்தையாகச் செய்தேன். கற்பித்தல் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள் நான். ஒயரைத் துளைக்கு இழுத்துப் போனால் மணி ஒலிக்கும். பின்னால் இழுத்தால் பச்சை விளக்கு. மறந்தால், "மீண்டும் முயல்க" என்று மெல்லிய எழுத்து வரும். வரிசை மாறாத எட்டு ஒயர்கள், பத்து நிமிடம். கடைசித் திரையில் "இந்தப் பாடத்தை உங்களுக்காக உருவாக்கியவர்" என்று என் புகைப்படம். அதன் கீழே ஐந்து நட்சத்திரம், கருத்து எழுத ஒரு பெட்டி. ஒரு மனித முகத்தைப் பார்த்தால் மனம் திறந்து சொல்வார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். நல்ல புடவையில் எடுத்த படமாகப் பார்த்துப் போட்டேன்.

அவள் பாடம் பார்க்கவே கோரமாக இருந்தது. சாம்பல் நிறம். மணி இல்லை, பச்சை விளக்கு இல்லை. நிஜ 'டிக்' சத்தத்தைப் போனில் பதிவு செய்து போட்டிருந்தாள். ஒயர்களில் ஏதோ ஒன்று மட்டும் சரியாக மாட்டாது. அது எது என்று யாருக்கும் தெரியாது, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. இழுத்துப் பார்க்காமல் போனால் அப்போது ஒன்றுமே சொல்லாது. கடைசியில் ஒரு வண்டி கிளம்பி, நடுரோட்டில் ஹெட்லைட் அணைந்து நிற்கும். திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். முடிவில் நட்சத்திரம் கிடையாது. முடித்தாலும் பாதியில் விட்டாலும் ஒரு மைக் பொத்தான் வரும், மேலே ஒரு கேள்வி: "எந்த எடத்துல காண்டாச்சு?"

"காண்டாச்சா? பாடத்துல இப்படிப் போடலாமா?" என்றேன்.

"ஏன், நீங்க காண்டே ஆவ மாட்டீங்களா மேடம்?"

"எரிச்சல்னு போடலாமே."

"எரிச்சல்னா டாக்டருகிட்ட போவாங்க. காண்டுன்னாத்தான் வாயத் தொறப்பாங்க."

சொல்லிவிட்டு வழக்கம்போல் தானே சிரித்தாள். நான் அந்தத் திரைக்கு மட்டும் ஒற்றுப் பார்த்துக் கொடுக்க மறுத்தேன். பார்க்க ஒற்றும் இல்லை.

முதல் வாரம் என்னுடையது. எல்லோரும் முழு மதிப்பெண். எல்லோரும் ஐந்து நட்சத்திரம். முதலாளி என் மேசைக்கே வந்து, "பின்னிட்டீங்க" என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பூ வாங்கினேன்.

இரண்டாவது வாரம் அவளுடையது. பாதிப் பேர் முடிக்கவே இல்லை. ஆனால் மைக் பொத்தானை அழுத்தாதவர் கிடையாது. "வண்டி நின்னுச்சின்னா எனக்கின்னா, நானா ஓட்டுறேன்?" என்று ஒருத்தி. "அந்த மூணாவது ஓட்டை சின்னதா கீது, நெசத்துல அப்பிடி கெடையாது, வந்து பாரு" என்று இன்னொருத்தி. "அடியே, உன்ன மாதிரி ஒருத்தி எனக்கு நாத்தனாரா வாச்சிருந்தா நான் என்னிக்கோ தனிக்குடித்தனம் போயிருப்பேன்" என்று ஒரு குரல். பின்னால் ஏழெட்டுப் பேர் சிரிக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுத்தாக்கி அறிக்கையில் சேர்க்க வேண்டும். அவளுக்குத் தமிழில் வேகமாகத் தட்டச்சு வராது. "மேடம், நீங்கதான் கொஞ்சம் அடிச்சுக் குடுக்கணும். உங்க கை மாதிரி வராது" என்று ஒலித்துணுக்குகளை மொத்தமாக எனக்கு அனுப்பிவிட்டாள். ஆக, என் போட்டிக்காரிக்குக் கிடைத்ததை எல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல், நானே பதிவு செய்ய நேர்ந்தது.

அதைக் கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புரிந்தது. எனக்குக் கல்வெட்டுத் தொகுதிகள் படிக்கிற பழக்கம் உண்டு. நான் படித்த வரையில், கோயில் சுவரில் யார் விளக்குக் கொடுத்தார், யார் ஆடு கொடுத்தார் என்றுதான் இருக்கும். அந்த விளக்கு சரியாக எரியவில்லை என்று ஒருவரும் வெட்டி வைத்ததில்லை. எனக்கு வந்த 'நல்லாருக்கு'கள் அந்த ஜாதி. அவளுக்கு வந்தவையோ பேச்சு. மூன்றாவது துளை சின்னது என்று என்னிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லையே! என் பாடத்திலும் அதே படம்தான், அதே துளைதான்.

கடைசிக்கு முந்தைய துணுக்கு குத்தம்பாக்கத்திலிருந்து வருகிற ஒரு அம்மாவுடையது. வரிசையில் கை வேகம் அதிகம் உள்ளவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"இந்தாம்மா, போன வாரம் வந்துச்சே அந்தம்மா பாடம், அது ஈசி. எங்க வரிசை மொத்தத்துக்கும் நானே போட்டுட்டேன். உன்னுது அப்பிடி முடியல. ஒவ்வொருத்திக்கும் வேற வேற ஒயரு கழண்டுக்குது. வெளிய வேன்காரன் ஹாரன் அடிச்சிகினே கீறான், நீ இன்னாடான்னா மொதல்லேர்ந்து வான்ற. ரொம்ப பேஜாரும்மா உன்னாண்ட."

ஹெட்போனைக் கழற்றினேன். மறுபடி மாட்டிக் கேட்டேன். பிறகு அதையும் அப்படியே தட்டச்சு செய்தேன். அதை விட்டுவிட்டால் அறிக்கை என் அறிக்கையாக இருக்காது.

மறுநாள் சோதனையின் கடைசி நாள். அவள் தொழிற்சாலைக்குக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். பூந்தமல்லியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். வழியெல்லாம் அவள் ஓட்டுநரோடு மாங்காட்டுப் பக்கத்து ரோட்டுப் பள்ளங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். நான் அந்தத் துணுக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பயிற்சி அறையில் நுழைந்ததும், "வந்துட்டாடி காண்டு மேடம்!" என்று ஒரு சத்தம். அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருத்தி அவள் தோளில் தட்டி, "இன்னா, இன்னிக்கி எத்தினி ஒயரு கழட்டி வுட்டுகீற?" என்றாள். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்து பார்த்தேன். டேப்லெட்டில் ஒயரைச் செருகி, ஒவ்வொருத்தியும் நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னால் இழுத்துப் பார்த்தாள். என் பாடத்தில் அவர்கள் அப்படி இழுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்க வரவே இல்லை. நட்சத்திரம் போதும் என்று இருந்துவிட்டேன்.

குத்தம்பாக்கத்து அம்மா தன்னுடையதை முடித்துவிட்டுப் பையை எடுத்தபோது பக்கத்தில் போனேன்.

"போன வாரம் என் பாடத்தை மத்தவங்களுக்கும் நீங்களே போட்டீங்களாமே?"

"பின்ன? வண்டி நிக்குமா எங்களுக்காக? வுட்டுட்டா ஊட்டுக்கு யாரு இட்டுகினு போவா? ஒருத்தி கை ஓடலன்னா பக்கத்துல கீறவ குடுக்க வேண்டியதுதான்."

"அந்த நட்சத்திரமும் நீங்கதான் போட்டீங்களா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அட, அந்தப் படத்துல கீறது நீதானா! படத்துல சேப்பா இருந்த." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆமாம்மா, அல்லாத்துக்கும் அஞ்சு போட்டேன். இந்த சோறு எடுத்துகினு வர்ற பசங்களுக்கு நட்சத்திரம் கொறஞ்சா சம்பளத்துல புடிச்சிக்கிறானுங்களாமே. உன் மூஞ்ச வேற போட்டு, கீழ நட்சத்திரம் வெச்சிட்டாங்க. பாவம், எந்த ஊட்டுப் பொண்ணோ, நம்மளால அது பொழப்பு கெடக் கூடாதுன்னு நாந்தான் எல்லார் கையிலயும் சொன்னேன், கொறை ஏதும் சொல்லாதீங்கடின்னு."

"அப்ப இவங்களை மட்டும் இப்படித் திட்டுறீங்க?" என்று அவளைக் காட்டினேன்.

"அதுவா?" என்று அவர் சிரித்தார். "அது நம்ம புள்ள. எத்தினி திட்டுனாலும் தாங்கும்."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. எல்லோரும் ஓடினார்கள். ஓடும்போதே ஒருத்தி திரும்பி, "காண்டு மேடம், மூணாவது ஓட்டைய பெருசு பண்ணு!" என்று கத்தினாள். அவள் சிரித்துக்கொண்டே கை காட்டினாள். நான் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் ஒன்றுமில்லை. இரக்கப்பட்டு ஐந்து நட்சத்திரம் போடப்பட்ட ஒரு முகம், அவ்வளவுதான்.

முடிவெடுக்கும் கூட்டம் அடுத்த வாரம் தொழிற்சாலையிலேயே நடந்தது. பயிற்சி அதிகாரி, எங்கள் முதலாளி, நாங்கள் இருவர். அதிகாரி அறிக்கையைப் புரட்டத் தொடங்கினார். அதில் அந்த அம்மாவின் துணுக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவள் வாயைத் திறந்து அதைச் சொல்லிவிடுவாள், அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள், நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை என்னால் தாங்க முடியாது. அவள் பெருமையாகச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுவது என்று முந்திக்கொண்டேன்.

"சார், என் பாடத்துக்கு வந்த மார்க் நிஜம் இல்லை. ஒருத்தரே வரிசை முழுக்கப் போட்டிருக்காங்க. நட்சத்திரமும் அப்படித்தான்."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி மட்டும் சிரித்தார்.

"அது எங்களுக்குத் தெரியாதா மேடம்? லைன்லயும் அப்படித்தானே. எனக்கு என்ன வேணும்னா, வண்டி கிளம்பறதுக்குள்ள முடியணும். உங்களோடது பத்து நிமிஷத்துல முடியுது. இவங்களோடது முடியல. போன வாரம் ரெண்டு நாள் வண்டி லேட்டு, டிரைவர் என்னைப் பிடிச்சுத் திட்டறான். உங்களோடதே இருக்கட்டும். மத்த பிளான்ட்டுக்கும் அதையே அனுப்பிடுங்க."

இப்படித்தான் நான் ஜெயித்தேன்.

பொறுப்பு எனக்கு வந்தது. மேசை மாறியது; ஜன்னலோரம். முதல் வேலையாகக் கடைசித் திரையிலிருந்து என் படத்தையும் நட்சத்திரத்தையும் எடுத்தேன். எட்டு ஒயர்களின் வரிசை ஆளுக்கு ஆள் மாறும்படி செய்தேன். மூன்றாவது துளையைப் பெரிதாக்கினேன். அவளைப் போல ஒரு மைக் பொத்தானும் வைத்தேன். அந்தச் சொல்லைப் போட எனக்கு மனம் வரவில்லை. "எந்த இடத்தில் உங்களுக்கு எரிச்சல் ஏற்பட்டது?" என்று போட்டேன். மற்ற ஆலைகளிலிருந்து பதில்கள் வரத் தொடங்கின. நவம்பர் முதல் திங்களன்று வந்த முதல் ஒலித்துணுக்கு முழுதாக: "எரிச்சல் எதுவும் ஏற்படவில்லை மேடம். நன்றி." எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போன்ற குரல்.

அவளுக்கு இன்னும் பூந்தமல்லியிலிருந்து துணுக்குகள் வருகின்றன. சோதனை முடிந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. பாடமே அங்கே இல்லை. ஒருத்தி மகனுக்கு நர்சரி ஸ்கூல் கேட்கிறாள், ஒருத்தி புது சூப்பர்வைசரைத் திட்டுகிறாள், குத்தம்பாக்கத்து அம்மா ஊரில் புதுப் பேருந்து நிலையம் வந்தபிறகு வேனுக்கு நிற்கிற இடமே மாறிப்போனதைச் சொல்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அடிப் பாவி!" என்று சிரிப்பாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தயிர்ச்சாதம் சாப்பிடுவேன்.

போன மாதம் ஒரு மாலை, படியில் இறங்கும்போது முதலாளி வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே ஒன்று சொன்னார். அந்தக் கூட்டத்துக்கு முந்தைய நாள் அவள் அதிகாரிக்குப் போன் செய்து, என்னுடையதையே எடுத்துக்கொள்ளும்படி சொன்னாளாம். தன்னுடையதில் இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது, இத்தனை பேர் இத்தனை குறை சொன்னபிறகு அப்படியே அனுப்ப மனசு வரவில்லை என்றாளாம்.

அப்படியென்றால் நான் முந்திக்கொண்டு பேசியதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கிறது. இதற்கு அவளிடம் நன்றி சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். யாரும் ஒரு குறைகூடச் சொல்லாத பாடம்தானே, அதுவே போகட்டும் என்று அவள் எனக்கு விட்டுக்கொடுத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. அதற்கும் வயிறு எரிந்தது.

இது முதலாளி ஒருவர் வாய்மொழி மட்டுமே. யாரையும் நல்லவராகக் காட்டிப் பேசுவது அவர் சுபாவம். அதிகாரி இப்போது வேறு ஆலைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவளிடம் நான் கேட்கவில்லை. இதை எழுதும் இன்றுவரை, அப்படி ஒரு போன் போனதா என்பது சரிபார்க்கப்படவில்லை.